மைசூர்ப் பாத்ரூம்களும் வரதாச்சாரின் தாடையும்

மைசூரில் நான் ஆஸ்பத்திரி வேலை பார்த்த காலம் முழுக்க யாரும் யாரையும் அடித்ததே இல்லை. இதை எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் முகத்தாடை வார்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். சிலரை மாடு உதைத்தது. ஒருவருக்கு இளநீர் பறிக்கும்போது குலை நழுவி மூஞ்சியில் இறங்கியது. மீதி எல்லாரையும் பாத்ரூம்தான் கீழே தள்ளியது. கல்யாண வீட்டுப் பாத்ரூம், சாராயக்கடை பக்கத்துப் பாத்ரூம், பாகப்பிரிவினை பேசிய வீட்டுப் பாத்ரூம். வீட்டில் பாத்ரூமே இல்லாதவர்கள்கூடப் பாத்ரூமில் வழுக்கித்தான் வந்து சேர்ந்தார்கள்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அந்தப் பக்கம் போனேன். பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்ன சிஸ்டர், நாடா கட்டிய கம்பி வெட்டும் கட்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “தாத்தா, இது எலக்ட்ரீஷியன் விட்டுட்டுப் போனதா?” என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். முன்னுரை முடிவதற்குள் அவளுக்கு டூட்டி முடிந்துவிட்டது. மீதியை இங்கே சொல்கிறேன். எனக்கு எழுத வராது. பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் எழுதித் தருகிறார். நான் பேச்சுக்கு நடுவே எங்காவது போய்விட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவார். அதனால்தான் கொஞ்சமாவது ஒழுங்காக வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். சித்தப்பாவோடு கட்டட வேலைக்கு மைசூர் வந்தவன், சாரத்திலிருந்து விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழுந்தவர் குணமாகி ஊருக்குப் போய்விட்டார். நான் அங்கேயே தங்கிவிட்டேன். முதலில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், பிறகு கருவிகளை வேகவைத்தேன், பிறகு வார்டைப் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷங்களில் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று. ரத்தத்தைப் பார்த்து மயங்குவது நோயாளி இல்லை, கூட வந்த மாமா. ஆகவே முதலில் மாமாவுக்கு ஸ்டூல் போட வேண்டும்.

எங்கள் பெரிய டாக்டர் சிவலிங்கப்பா. உயரமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசுவது கன்னடம். எனக்குக் கேட்டபடி தமிழில் சொல்கிறேன். நோயாளி வந்ததும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். “எங்கப்பா விழுந்தே?” என்பார். அவர்கள் சொல்லும் கதையை, ஹரிகதை கேட்பதுபோலத் தலையாட்டிக் கடைசிவரை கேட்பார். சோப்பு எங்கே கிடந்தது, வாளி எந்தப் பக்கம் உருண்டது, எல்லாம். அப்புறம் இரண்டு காதுக்கும் கீழே விரல் வைத்து, தாடை எலும்போடு மெல்ல முகவாய் வரை தடவிக்கொண்டு வருவார். உடைந்த இடத்தில் விரல் நிற்கும்.

எழுந்து வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொல்வார். “விழுந்தா முகவாய் தரையில படணும், மாதேசா. முகவாய் பிளக்கும், காதுகிட்ட இருக்கிற முளை ஒடியும். இவனுக்கு இடது தாடைக் கோணம் மட்டும் ஒடிஞ்சிருக்கு. இந்த ஊர் பாத்ரூம் எல்லாம் எதிரே வந்து நிக்குது. எல்லாமே வலதுகைக்காரப் பாத்ரூம்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்பது போலீஸ் வேலை, கட்டுவது நம் வேலை என்பது அவர் கொள்கை.

ஒருமுறை மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு துணிக்கடைக்காரரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வாய் ஆவென்று திறந்தபடி, எச்சில் வழிய. கொட்டாவி விட்டவருக்குத் தாடை கழன்றுவிட்டது. மனைவி கூடவே வந்து, “நான் பேச ஆரம்பிச்சா இவருக்குக் கொட்டாவி வந்துரும் டாக்டர். கல்யாணமான நாள்லருந்தே இப்படித்தான். எங்க அண்ணன் அப்பவே சொன்னாரு...” என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு கட்டைவிரலிலும் பஞ்சுத்துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டார். தாடை உள்ளே போகும்போது வாய் பட்டென்று மூடும், விரல் நடுவில் மாட்டும். கடைவாய்ப் பல்லின் மேல் விரலை வைத்துக் கீழே அழுத்தி, பின்னுக்குத் தள்ளினார். டொக்கென்று ஒரு சத்தம். வாய் மூடியது. அந்த மனிதர் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்து முதலில் கேட்டது, “முடிச்சிட்டியா?” என்றுதான்.

டீச்சர் பேனாவை மூடிவிட்டார். கட்டருக்கு வருகிறேன்.

இப்போது பிளேட், ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டது. உடைந்த எலும்பைத் திறந்து முடுக்கிவிடுகிறார்கள், மறுநாளே செல்போனில் பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் வாயையே கட்டிவிடுவதுதான் வைத்தியம். மேல்வரிசைப் பல்லோடு ஒரு பட்டைக் கம்பி, கீழ்வரிசையோடு ஒன்று. பல்லுக்குப் பல் நூல்போன்ற கம்பியை நுழைத்து, அந்தப் பட்டையோடு சேர்த்துக் கட்டுவார் டாக்டர். முறுக்குவது எப்போதும் கடிகார முள் போகிற பக்கமாகத்தான். நாளைக்கு இன்னொருவர் அவிழ்க்க வந்தால் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பார். முறுக்கிய நுனியை வெட்டி, உள்ளுக்கு மடக்கி, தன் விரலால் தடவிப் பார்ப்பார். விரலைக் குத்தினால் மறுபடி மடக்குவார். பிறகு மேலும் கீழும் கடித்தபடி வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினால் தாடை அசையாது. ஒன்றரை மாதம் அப்படியே இருக்க வேண்டும். “எலும்பைப் பார்த்துச் சேர்க்க முடியாது மாதேசா, பல்லைப் பார்த்துச் சேர்க்கணும். பல்லு பழையபடி கடிச்சுதுன்னா எலும்பு தன்னால வந்து உக்காந்துரும்” என்பார்.

வாய் கட்டியவனுக்கு வாந்தி வந்தால் மூச்சு அடைத்துப் போகும். அதற்குத்தான் கட்டர். கட்டில் தலைமாட்டில் தொங்கும். நோயாளி எழுந்து நடந்தால் அவன் கழுத்தில் தொங்கும். ஆபத்து என்றால் வெட்டிவிட வேண்டும். ஆனால் வெட்டிவிட்டால் சேர்த்தது கலையும், மறுபடி மயக்க மருந்து, மறுபடி முதலிலிருந்து. ஆகவே வெட்டுவதைவிட எப்போது வெட்டக் கூடாது என்று தெரிவதுதான் பெரிய காரியம்.

அப்படியொரு கட்டரைக் கழுத்தில் துளசி மணியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு எங்கள் வார்டில் நடந்தவர்தான் வரதாச்சார்.

ஒரு காலை நேரம், இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, இருவர் நெற்றியிலும் திருமண் பளிச்சென்று இருந்தது. ஒருவர் இடது கன்னத்தைத் துண்டால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வரதாச்சார். கூட வந்தவர் அவருடைய சித்தப்பா மகன் சம்பத். சம்பத்தின் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதன் வயிற்றில் புதிதாக ஒரு ஒடுக்கு.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்பதற்கு முன்னாலேயே சம்பத் சொன்னார்: “வழுக்கிண்டு விழுந்துட்டான் டாக்டர். எங்காத்து பாத்ரூம். ஒரே ஈரம்.”

“பாத்ரூம்ல விழுந்தும் நாமம் கலையலியே?”

“அது... விழுந்தப்புறம் சாத்திண்டான்.”

டாக்டர் சொம்பைப் பார்த்தார். “இதுவும் விழுந்துதா?”

“ஆமாம். அதுவும்தான்.”

வரதாச்சார் வாயைத் திறக்க முடியாமல் கண்ணாலேயே சம்பத்தை எரித்தார். டாக்டர் விரல் இடது கோணத்தில் வந்து நின்றது.

உண்மையை அன்று மத்தியானமே சம்பத் என்னிடம் வராந்தாவில் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. மேல்கோட்டைப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில். பாசுரம் சேவித்து, அதாவது பாடி முடித்ததும் தீர்த்தம் கொடுப்பார்கள். முதல் தீர்த்தம் அந்த வம்சத்தில் மூத்தவருக்கு. வரதாச்சார் அண்ணன் மகன், சம்பத் தம்பி மகன். ஆனால் சம்பத் சில மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டார். அப்பா வழியில் பார்த்தால் வரதாச்சார் மூத்தவர், வயசில் பார்த்தால் சம்பத் மூத்தவர். அன்று அர்ச்சகர் தீர்த்தத்தோடு நிற்க, இரண்டு கையும் ஒன்றாக நீண்டது. நீட்டிய கையில் ஒன்றில் சொம்பு இருந்தது.

“ஏனுங்க சாமி, ஒரு வாய்த் தண்ணிக்கா?” என்றேன்.

“தண்ணியா? மாதேசா, உனக்கு இது புரியாது. போ” என்றார்.

கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். அடிபட்டவர் வாயால் சொன்னால்தான் வாக்குமூலம். அதற்குள் டாக்டர் வாயைக் கட்டி முடித்திருந்தார். கான்ஸ்டபிள் அந்தக் கம்பியை உற்றுப் பார்த்துவிட்டு, “பாய் பிடலி, ஆமேலே பர்த்தீனி” என்றார். வாய் திறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று. வரதாச்சார் ஒரு வார்த்தை சொன்னால் சம்பத்துக்கு ஸ்டேஷன்தான், கோயில் பக்கமே தலைகாட்ட முடியாது. வரதாச்சாருக்குத் தாடை சரியாகச் சேராவிட்டால் பாசுரம் சேவிக்க முடியாது. சேவிக்காதவருக்கு முதல் தீர்த்தம் இல்லை. ஒருவர் வாயில் இருவர் பிழைப்பும் கட்டிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் வார்டு சமையலிலிருந்து வடிகட்டின கஞ்சி கொண்டுபோனேன். வரதாச்சார் கையால் தள்ளினார். பால் கொண்டுபோனேன். தள்ளினார். குழாய் வைத்து உறிஞ்சலாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. மனிதர் பிறந்ததிலிருந்து மடியாகச் சமைத்ததைத் தவிர வேறு சாப்பிட்டதில்லை. எந்தப் பாத்திரத்தையும் உதட்டில் வைத்ததில்லை, தூக்கித்தான் குடிப்பார். குழாயை உதட்டில் வைத்தால் எச்சில். டாக்டரின் பத்து விரலும் அவர் வாய்க்குள் போய் வந்ததில் தோஷம் இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சி போனால்தான் தோஷம்.

மறுநாளும் அப்படியே. குளுக்கோஸ் மட்டும் ஏறியது. கன்னம் ஒட்டியது. டாக்டர் வந்து மெதுவாகச் சொன்னார்: “சுவாமி, கம்பி பிடிச்சுத்தான் வைக்கும். எலும்பைச் சேர்க்கறது சோறு. நீங்க சாப்பிடலேன்னா நாளைக்கு மூக்கு வழியா டியூப் விடுவேன். என்ன விடுவேன்னும் நான்தான் முடிவு பண்ணுவேன்.”

அவருக்கு மனைவி இல்லை. பையன் வெளிநாட்டில். மைசூரில் அவர் கை நனைக்கக்கூடிய அடுப்பு ஒன்றுதான் இருந்தது. அது சம்பத் வீட்டு அடுப்பு.

அடுத்த நாள் காலையில் சம்பத் வந்தார். ஈர வேட்டி, கையில் வாழையிலையால் மூடிய பாத்திரம். அக்ரஹாரத்திலிருந்து யார் மேலும் படாமல் நடந்தே வந்திருந்தார். அவர் வராந்தாவில் நடந்தபோது கூட்டம் இரண்டாக விலகியது. பெரிய டாக்டருக்கே அப்படி யாரும் விலகியதில்லை. இடுப்பிலிருந்து வெள்ளிப் பாலாடை ஒன்றை எடுத்தார், குழந்தைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த சங்கு. உதட்டில் படாமல், கன்னத்தை விரலால் விலக்கி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஊற்றலாம் என்பது அவர் வீட்டம்மா யோசனை.

“தொறடா வரதா. பருப்புச் சாத்தமுது, தெளிவா எடுத்து அரைச்சு வடிகட்டினது. ரெண்டு பேருக்கும் பாட்டி புகட்டின பாலாடைடா இது.”

வரதாச்சார் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ஒன்று.

“என்னது?”

விரல் தன் மார்பைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே போனது. முதல் தீர்த்தம் எனக்கு.

சம்பத் முகம் சிவந்தது. “வாயைக் கட்டினப்புறமும் வழக்கு நிக்கலையா உனக்கு? அதெல்லாம் ஒத்துக்க முடியாது. குடி.”

விரல் இறங்கவில்லை. உதடு திறக்கவில்லை.

“பட்டினி கிடந்து செத்தா பழி எனக்கு வரும்னுதானே? கெட்டிக்காரன்டா நீ.”

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிடாமல் போனால் நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று எனக்கே கணக்குப் பிடிபடவில்லை. இவர் சாப்பிடாவிட்டால் தாடை சேராது, முதல் தீர்த்தம் சம்பத்துக்குத்தான். அவர் பேசாமல் பாத்திரத்தை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு, சாத்தமுது என்கிற அந்த ரசம் ஆறும்வரை நின்றார். கடைசியில், “மாதேசா, டாக்டர் டியூபைக் கொண்டுவரச் சொன்னாரா?” என்று என்னைக் கேட்டார்.

“கொண்டாந்து வச்சாச்சுங்க சாமி.”

சம்பத் அந்த ரப்பர் டியூபைப் பார்த்தார். வரதாச்சாரும் பார்த்தார். விரல் கொஞ்சமாக மடங்கியது. முழுக்க மடங்கவில்லை, பாதி. சம்பத் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு, “சரி, அப்புறம் பேசலாம்” என்று ஊற்றிவிட்டார். முதல் மிடறு உள்ளே போனபோது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். காலையில் கஞ்சித் தெளிவு, மத்தியானம் சாத்தமுது, சாயங்காலம் பால். ஒவ்வொரு வேளையும் முதலில் விரல் எழும். சம்பத் வாதம் செய்வார். சாஸ்திரம் சொல்வார், தாத்தா காலத்தில் நடந்ததைச் சொல்வார், யார் யாருக்கு எப்போது விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்வார். எதிராளிக்கு வாய் கட்டியிருப்பதால் எல்லா வாதத்திலும் அவரே ஜெயித்தார். ஜெயித்து ஜெயித்து மனிதருக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஒருநாள் என்னிடம், “பதில் சொல்லாதவன்கிட்ட எத்தனை நாள்தான் சண்டை போடறது மாதேசா? தொண்டை வறண்டு போறது” என்றார். பக்கத்துக் கட்டிலில் மூக்கு உடைந்த குண்டலுபேட்டை லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, “அண்ணா, கேஸ் எப்படிப் போகுதுன்னு போன் போட்டுச் சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் ஏதோ பண்டிகை. சம்பத் வீட்டில் திருக்கண்ணமுது செய்திருந்தார்கள். பாயசம்தான், அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நெய் தாராளம். அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி ஊற்றினார். கால் மணி நேரம் கழித்து வரதாச்சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் பிதுங்கியது. பூட்டிய பல்லுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

நான் வார்டின் அடுத்த கோடியில் இருந்தேன். ஓடி வருவதற்குள் சம்பத் வரதாச்சார் கழுத்திலிருந்த கட்டரை எடுத்துவிட்டார். மடி, தீட்டு எல்லாம் போய், வரதாச்சாரின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “எதை வெட்டணும்? எந்தக் கம்பி? சொல்லித் தொலைங்கோளேன் யாராவது! வரதா, வரதா!” என்று கத்தினார். கட்டர் நுனி ஒரு கம்பியிலும் நிற்காமல் உதட்டிலும் மூக்கிலும் மோதியது. அந்தக் கையால் வெட்டியிருந்தால் கம்பியோடு உதடும் போயிருக்கும்.

“பொறுங்க சாமி, வெட்டாதீங்க!” என்று கையைப் பிடித்தேன். வரதாச்சாரைக் குனிய வைத்து, தலையை ஒருக்களித்துக் கன்னத்தை இழுத்துப் பிடித்தேன். திருக்கண்ணமுது தண்ணீராகத்தானே போனது, தண்ணீராகவே பல் சந்தில் வெளியே வந்தது. சிஸ்டர் சக்ஷன் குழாயோடு வந்து மிச்சத்தை இழுத்தார். மூச்சு வந்தது. கம்பி ஒன்றும் அசையவில்லை.

சம்பத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி முழுக்கப் பாயசம். கட்டர் இன்னும் கையிலேயே இருந்தது. யாரையும் பார்க்காமல், “சரிடா. முதல் தீர்த்தம் உனக்கே. நான் ஒத்துண்டுட்டேன். போதுமா?” என்றார்.

வரதாச்சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் விரலை உயர்த்தவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகப் பால் குடித்தார். ஜெயித்தவருக்குப் பசி கூடுதல்தான்.

கம்பி அவிழ்க்கிற நாள் வந்தது. கான்ஸ்டபிளும் வந்துவிட்டார். டாக்டர் ஒவ்வொரு கம்பியாக, எதிர்ப்பக்கம் முறுக்கித் தளர்த்தி, வெட்டி, கிண்ணத்தில் போட்டார். ஒவ்வொன்றும் டிங்கென்று விழுந்தது. சம்பத் சுவரோரம் நின்று, ஒவ்வொரு டிங்குக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

“பழையபடி கடிங்க” என்றார் டாக்டர். கடித்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது. டாக்டர் விரலை அந்த இடது கோணத்தில் வைத்து, தலையை ஆட்டிக்கொண்டார். எலும்பு உட்கார்ந்துவிட்டது.

“இப்ப வாயைத் திறங்க.”

ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. கட்டிப்போட்ட வாய் அப்படித்தான் இருக்கும். கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். “சொல்லுங்க சுவாமி, எப்படி அடிபட்டுது?”

வரதாச்சார் சம்பத்தைப் பார்த்தார். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு குரல் வந்தது.

“பாத்ரூம். வழுக்கிண்டு விழுந்தேன்.”

கான்ஸ்டபிள் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கிண்ணத்திலிருந்த கம்பிகளை எண்ண ஆரம்பித்தார். “நம்ம ஊர் பாத்ரூம்களுக்கு ஒருநாள் கேஸ் போடணும் சார்” என்று சொல்லிவிட்டுக் கான்ஸ்டபிள் போய்விட்டார்.

சம்பத் அழுதுவிட்டார். வரதாச்சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்: “ஒன்றரை மாசமா சாத்தமுதுல உப்பே இல்லைடா.”

வாய் முழுக்கத் திறக்க, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, தினம் ஒரு குச்சி கூட்ட வேண்டும். குச்சியும் பாசுரமுமாக வரதாச்சார் பழகினார். நன்றாகச் சேவிக்க வந்ததும் டாக்டரையும் என்னையும் கோயிலுக்கு அழைத்தார். பஸ்ஸில் போனோம். டாக்டருக்குத் தான் கட்டிய தாடை வேலை செய்வதைக் கேட்க ஆசை. வழி முழுக்கத் தூங்கினார், கொட்டாவி விடும்போது மட்டும் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

பாசுரம் கணீரென்று இருந்தது. பக்கத்தில் நின்று சம்பத்தும் சேவித்தார், அரைக் குரல் தாழ்த்தியே. அர்ச்சகர் தீர்த்தத்தோடு வந்தார். வரதாச்சார் கையை நீட்டினார். சம்பத் கையை மடக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அர்ச்சகர் இருவரையும் தாண்டிப் போனார். பின்னால் சாதுவாக நின்றிருந்த ஒருவருக்கு முதல் தீர்த்தத்தைக் கொடுத்தார். பெங்களூரில் பாங்க் வேலை முடித்து ஊருக்கு வந்த தூரத்துப் பங்காளி.

“என்ன சுவாமி இது?” என்றார் வரதாச்சார்.

“நீங்க ஆஸ்பத்திரியில இருந்தேள். அவர் உங்களுக்குப் புகட்டப் போயிட்டார். ஒன்றரை மாசமா இவர்தான் தினம் நின்னார், இவருக்குத்தான் முதல். இப்போ மாத்தினா வழக்கம் என்னத்துக்கு ஆகும்?” என்றார் அர்ச்சகர். “ரெண்டாவது யாருக்குன்னு சொல்லுங்கோ. நாழியாறது.”

வரதாச்சார் மறுபடி கையை நீட்டினார். அதே நேரம் சம்பத்தின் கையும் நீண்டது.

“என்னடா? ஒத்துண்டியே!”

“முதலுக்குத்தானே ஒத்துண்டேன்? ரெண்டாவதுக்கு யார் ஒத்துண்டா?”

வரதாச்சார் இரண்டு விரலை உயர்த்தினார். சம்பத்தின் இன்னொரு கையில், ஒடுக்கெடுத்த அந்தப் பித்தளைச் சொம்பு.

டாக்டர் என் பக்கம் சாய்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “மாதேசா, வார்டுல பெட் காலி இருக்கா?”

“ரெண்டு இருக்குதுங்க சார்” என்றேன்.